லிஃப்ட் குரலைத் தேடிப் போன தந்தி

அவளுக்கு வீட்டில் தந்தி என்று பெயர். அத்தை வைத்தது. தெருமுனையில் ஒரு லாரி பழுதாகி நின்றாலும், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தாலும், மாடி வீட்டில் குழாய் உடைந்தாலும் செய்தி முதலில் அவள் வாயிலிருந்துதான் வரும். அதுவும் மூச்சிரைக்க, ஒரு செருப்பைக் கழற்றி இன்னொன்றை மறந்து, தண்ணீர் குடிக்கும்போதே பாதிச் செய்தி புரையேறிவிடும். பள்ளிக்கூடம் முடித்ததும் இதழியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இவ்வளவு நாளா வேற என்ன பண்ணிட்டு இருந்தே?" என்று கேட்டார். அதுதான் அவர் சம்மதம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அது வெறும் இதழியல் இல்லை, பல்லூடக இதழியல் என்று தெரிந்தது. எழுத வேண்டும், புகைப்படம் எடுக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், சத்தம் பதிய வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் கோத்து ஒரே பக்கத்தில் போட வேண்டும். இதைச் சாப்பாட்டு மேசையில் அவள் விவரித்தபோது அண்ணன் கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாம் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

"அப்ப மத்தவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"பார்ப்பாங்க."

பதிலைச் சொல்லிவிட்டு அவளே அதில் மயங்கிப்போனாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

துறையில் ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு சின்னக் கேமரா, கழுத்தோரம் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக், மடக்கு முக்காலி, பெரிய ஹெட்போன். முதல்முறை ஹெட்போனை மாட்டி மைக்கைத் திருகியபோது அவளுக்கு உலகமே வேறாகிவிட்டது. பின்வரிசையில் யாரோ பேனா மூடியைக் கடிப்பது கேட்டது. சுவர்க் கடிகாரம் ஒவ்வொரு நொடிக்கும் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. பேராசிரியையின் வளையல் மேசையில் உரசியது ஏதோ ரயில் தடம் மாறுகிற மாதிரி கேட்டது. பையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று சொன்ன அன்றே அவள் கதவுக் கீல், குளிர்பதனப் பெட்டியின் முனகல், மதியத் தூக்கத்தில் அண்ணன் விடும் குறட்டை எல்லாவற்றையும் பதிந்து தள்ளினாள். குறட்டைக்கு அவள் வைத்த கோப்புப் பெயரை இங்கே சொல்ல முடியாது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மூணு நிமிஷம்'. எதைக் கேட்டாலும், "மூணு நிமிஷத்துல சொல்ல முடியுமா, அப்ப சொல்லு" என்பார். தந்தி முதல் பயிற்சிக்காகத் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரைப் பேட்டி எடுத்துக்கொண்டு பெருமையோடு போனாள். வகுப்பில் போட்டுக் காட்டினாள். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் "அப்படியா", "ஆமாமா", "ஐயோ பாவம்", "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று அவள் குரலே வழிநெடுக ஓடியது. ஓரிடத்தில் அவர் டயர் பஞ்சரானதைச் சொல்ல, இவள் தன் பள்ளிக்கூடச் சைக்கிள் காணாமல்போன கதையை முழுதாகச் சொல்லி முடித்திருந்தாள். பேராசிரியை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதுல பேட்டி குடுத்தது யாரு?" என்றார். வகுப்பே சிரித்தது. தந்திதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள், ஆனால் காது மடல் சூடேறியிருந்தது.

அடுத்த வாரம் உண்மையான வேலை வந்தது. முகம் தெரியாத ஒரு குரலைக் கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். நகரத்தில் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும், யாரும் பார்த்திருக்கக் கூடாது. நன்றாக வரும் ஒன்றைத் துறையின் இணையப் பக்கத்தில் போடுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் வானொலி அறிவிப்பாளர்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் பேருந்து நிலையத்தைப் பிடித்தான். தந்திக்கு ஒன்றும் தோன்றாமல் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போனாள். துறை ஆறாவது மாடியில். கதவு அருகே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்து ஒரு பெண் குரல், இளஞ்சூடான பால் மாதிரி, "கதவுகள் மூடுகின்றன" என்றது.

தினமும் கேட்ட குரல். கல்லூரியில், அம்மா வரவேற்பில் உட்காரும் பல் மருத்துவமனையில், வங்கியில், ரயில் நிலையத்தில், அத்தை குடியிருக்கும் அடுக்ககத்தில். "தரைத்தளம்" என்று அது சொன்னதும் தந்தி வெளியே இறங்கவில்லை. மறுபடியும் ஆறை அழுத்தினாள். மேலே போய்க் கீழே வந்து, கீழே வந்து மேலே போய், நிமிர்ந்து அந்தச் சின்ன ஒலிபெருக்கித் துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நூலகர் ஏறி, இறங்கி, திரும்ப ஏறியபோதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று அவர் விசாரித்துவிட்டுப் போனார்.

தேடல் பெரிய கூத்தாக இருந்தது. லிஃப்ட் பழுது பார்க்க வருபவரிடம் கேட்டால் குரல் ஒரு சின்ன மின்னணுச் சில்லுக்குள் இருக்கிறது என்றார். எந்தப் பெண் என்றால், சில்லு என்றார். லிஃப்ட் நிறுவனத்துக்குப் போன் போட்டால் அங்கே ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு மாற்றி, அது வேறொன்றுக்கு மாற்றி, நடுநடுவே சங்கீதம் வாசித்து, கடைசியில் கணக்குப் பிரிவில் மாட்டிக்கொண்டாள். அங்கேயிருந்த பெண்ணுக்குப் பேச ஆள் இல்லை போலிருக்கிறது. பழைய பொறியாளர் ஒருவர் வீட்டுச் சன்னலுக்குத் துணி வாங்கப் போன இடத்தில், விலை சொன்ன பெண்ணின் குரலைக் கேட்டுச் சொக்கிப்போய், மறுநாளே ஒலிப்பதிவுக்கு அழைத்துவந்துவிட்டார் என்ற கதையை அந்தக் கணக்குப் பிரிவுப் பெண்தான் சொன்னார். பெண் பெயரோ கடைப் பெயரோ நினைவில்லை. திரைச்சீலைக் கடை, பெரிய சந்தைக்குப் பின்னால், அவ்வளவுதான்.

பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்கத் திரைச்சீலைக் கடைகள். தந்தி முதல் கடையில் நுழைந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இது என்ன விலை?" என்றாள். ஓர் ஆண் குரல் விலை சொன்னது. கண்ணைத் திறந்து நன்றி சொல்லி வெளியே வந்தாள். அடுத்த கடையிலும் கண்ணை மூடினாள். அங்கே பதில் சொன்ன பெண்ணுக்குத் தகரத்தில் ஆணி உரசுகிற குரல். இப்படியே கடை கடையாகக் கண்ணை மூடி விலை கேட்டுக்கொண்டு போனதில், கண் தெரியாத பெண் என்று நினைத்து ஒருவர் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வராமல் தெருக்கோடி வரை கண்ணை மூடியே நடந்தாள்.

அந்தக் கோடிக் கடையில்தான் அது நடந்தது. துணி உருளைகளுக்குப் பின்னாலிருந்து இளஞ்சூடான பால் வழிந்தது: "சன்னல் அகலம் எவ்வளவு சொன்னீங்க?"

தந்தியின் வாய் தன்னால், "ஆறாம் தளம்" என்றது.

கழுத்தில் அளவு நாடாவும் உதட்டோரம் குண்டூசிகளுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்தார். ஐம்பதைத் தொடும் வயது, உருண்டை முகம், கண்ணாடி மூக்கு நுனியில். அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "யாரு உன்னை அனுப்புனது?" என்று கேட்டார்.

பேட்டிக்கு அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. தந்தி கடையை மூடும் வரை உட்கார்ந்து, உருளைகளைத் தூக்கிவைக்க உதவி, வாய் ஓயாமல் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தாள். விடுமுறை நாள் காலையில் வீட்டுக்கு வரச் சொன்னார். ஐந்தாவது மாடி. தந்தி லிஃப்ட்டில் ஏறிப் போனாள், அவர் குரலே அவளை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய் விட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒலிபெருக்கியிடம் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஆனால் பேட்டி சப்பென்று இருந்தது. கேமராவைப் பார்த்ததும் அந்த அம்மாள் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் அடுக்கி, லிஃப்ட்டாகவே மாறிவிட்டார். மின்தூக்கிப் பயணம் பாதுகாப்பானது, இனிமையானது என்றார். தன் பணியை எண்ணி மகிழ்வதாகச் சொன்னார். தந்தி இந்த முறை வாயைத் திறக்கவே கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் இருவருக்கும் நடுவே மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடியது. கடைசியில் நன்றி சொல்லி, பொத்தானை அழுத்தி, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு எழுந்தாள். அந்த அம்மாளுக்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது, கூடவே கிளம்பினார். லிஃப்ட் வாசலில் தந்தி நின்றாள். அவர் நிற்காமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"நீ இதுல போம்மா. நான் படியில வந்துடறேன்."

தந்தியும் படியில்தான் இறங்கினாள். ஒரு திருப்பத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்து நின்று, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். தான் ஆயுசில் ஒரு லிஃப்ட்டில்கூட ஏறியதில்லை என்றார். பெட்டிக்குள் கதவை மூடுகிறார்கள் என்றாலே பயமாம். ஒலிப்பதிவுக் கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது, அங்கேயும் படியேறிப் போய் மூச்சிரைப்பு அடங்கும் வரை காத்திருந்துதான் "கதவுகள் திறக்கின்றன" என்று பேசினாராம். இந்த வீடு வாங்கும்போது, லிஃப்ட்டில் உன் குரலே கேட்கும் என்று கணவர் ஆசை காட்டினார். இத்தனை வருஷமாக அவர் லிஃப்ட்டில் வந்து, "இன்னைக்கு நீ என்கிட்ட ரொம்ப மரியாதையா பேசினே" என்று வாசலில் நின்று கேலி செய்வார், இவர் காய்கறிப் பையோடு வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வருவார். சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அவருக்கு விக்கல் வந்துவிட்டது. தந்தி சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசலுக்கு வந்த பிறகுதான் அவர் கழுத்தோரம் மைக் இன்னும் இருப்பதைப் பார்த்து எடுத்துப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் துறையின் கணினியில் கோப்புகளைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. முதல் கோப்பில் அவள் மூக்கு, கூரை மின்விசிறி, முக்காலியோடு அவள் நடத்திய மல்யுத்தம் எல்லாம் இருந்தன. சரியாக, "சொல்லுங்க மேடம்" என்று அவள் சொன்ன இடத்தில் அது நின்றுபோனது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கேமராவைத்தான், தொடங்குவதாக நினைத்துப் பொத்தானை அழுத்தி, அவள் நிறுத்தியிருக்கிறாள். பேட்டியில் ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. இரண்டாவது கோப்பு அவள் நன்றி சொல்லிப் பொத்தானை அழுத்திய இடத்தில் ஆரம்பித்தது. படத்தில் இரண்டு ஜோடிச் செருப்புகள் ஆடி ஆடிப் படியிறங்கின. ஒலியில், ஒரு தூசு தும்பு இல்லாமல், அந்த அம்மாளின் கதை முழுவதும், சிரிப்பும் விக்கலும் சேர்த்து.

முதலில் அழுகை வந்தது. கேட்கக் கேட்க அழுகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. நாற்காலியைச் சுழற்றிவிட்டு அதில் தானும் சுழன்றாள். பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல் பாதித் தூரம் ஓடினாள். வீட்டில் அம்மா பல் மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா காதில் ஹெட்போனை மாட்டி ஓடவிட்டாள் தந்தி. அம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, கணவர் வாசலில் நிற்கும் இடத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கே தெரியாதும்மா. அதான விஷயமே."

"உனக்குத் தெரியாம எடுத்தே. இப்பத் தெரிஞ்சுதானே போடப்போறே?"

தந்தி ஹெட்போனை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பற்றித் தான் வீட்டில் சொல்வதையெல்லாம் இப்படி ஒரு பெட்டியில் பிடித்து ஊருக்குப் போட்டுக் காட்டினால் நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா என்று அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, இன்னும் சிரிப்பு அடங்காமல்தான் கேட்டாள். தந்திக்குத்தான் உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, யார் அனுப்பியது என்று கேட்ட அந்த முகம் கண்முன் வந்தது. கேமரா அணைந்துவிட்டது என்று நம்பித்தானே அவர் சிரித்தார்.

அடுத்த நாள் திரைச்சீலைக் கடையில் அவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். பேட்டி போய்விட்டது, படிக்கட்டுப் பேச்சு மட்டும் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாமல் பதிந்தது, இப்போதே அழித்துவிடச் சொன்னால் அழித்துவிடுகிறேன் என்றாள். அந்த அம்மாள் ஹெட்போனுக்குக் கையை நீட்டினார். தொங்கும் திரைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டார். திரை அசையாமல் இருந்தது. பிறகு நீலப் பூப்போட்ட துணி மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று தந்தி பயந்துபோய் விலக்கிப் பார்த்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் சிரிச்சா இப்படியா இருக்கும்? தேங்கின தண்ணியில வாத்து குதிக்கிற மாதிரி இருக்கு."

ஆனாலும் போட வேண்டாம் என்றுதான் சொன்னார். லிஃப்ட்டில் ஏறப் பயப்படுகிற லிஃப்ட் என்று ஊர் சிரிக்கும், நிறுவனத்தில் என்ன நினைப்பார்களோ. அழிக்கவும் வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். தந்தி பேராசிரியையிடம் போய்த் தன்னிடம் காட்ட ஒன்றும் இல்லை என்றாள். நடந்ததையெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடித்தாள். அதுவே அவள் வாழ்நாள் சாதனை. பேராசிரியை, இன்னும் கெடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கெடு முடியும் தருவாயில், பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது. "வணக்கம்" என்று இளஞ்சூடான பால் பேசியதும் தந்தி அனிச்சையாகத் தலைக்கு மேலே பார்த்தாள்.

"யோசிச்சேம்மா. லிஃப்ட்டுல ஏறாத பொம்பளைன்னு போட்டா ஊரு ஒரு நாள் சிரிக்கும். ஏறினான்னும் சேர்த்துப் போடு. நாளைக்கு மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிட்டேன். உங்க காலேஜ் லிஃப்ட்டுக்கு வர்றேன்."

வந்தார். விசேஷத்துக்குக் கிளம்பியதுபோல நல்ல உடை, பையில் தண்ணீர்ப் புட்டி, ஒரு எலுமிச்சம்பழம். தந்தி கேமராவில் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வழியில் போன ஒருவனையும் பார்க்கச் சொன்னாள். கதவு திறந்தது, அம்மாள் அசையவில்லை. "கதவுகள் மூடுகின்றன" என்றது அவர் குரல். "மூடட்டும்" என்றார் அவர். லிஃப்ட் தனியாக மேலே போய்த் தனியாகக் கீழே வந்தது. திரும்பத் திரும்ப அப்படியே நடந்தது. ஏறி இறங்குகிற மாணவர்கள், இது வரிசையா என்று கேட்டு அவர்களுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள். தந்தி வற்புறுத்தவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை. சொல்ல அவளுக்கு ஆயிரம் இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு சிவப்புப் புள்ளியையே பார்த்தாள்.

எலுமிச்சம்பழத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு அந்த அம்மாள் தந்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளே போனார்கள். கதவு மூடியது. பிடி இறுகியதில் படம் கிடுகிடுவென்று ஆடியது, கேமரா அவர் முகத்தில் கால்வாசியையும் சுவரில் முக்கால்வாசியையும் எடுத்தது. கண்களை மூடிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலிருந்து, "முதல் தளம்" என்று வந்தது.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "அந்த 'ள'வைக் கொஞ்சம் அழுத்திட்டேன்" என்றார்.

"இரண்டாம் தளம்."

"இது பரவாயில்ல."

மூன்றாம் தளத்தில் இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. நான்காம் தளத்தில் வேதியியல் ஆசிரியர் கைநிறையக் காகிதங்களோடு ஏறினார். ஐந்தாம் தளத்துக்கான அறிவிப்பு வந்தபோது அம்மாளும் கூடவே சொன்னார், அதே ஏற்றம், அதே இறக்கம், ஓர் இழைகூடப் பிசகாமல். வேதியியல் ஆசிரியர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார். இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டார். கீழே வரும்போது இன்னும் சிலர் ஏறினார்கள். விஷயம் எப்படியோ கசிந்து தரைத்தளத்தில் ஒரு கூட்டமே காத்திருந்தது, எல்லோரும் உள்ளே நெருக்கி ஏறினார்கள். லிஃப்ட் நகராமல், இதுவரை யாரும் அதிகம் கேட்காத ஒரு வாசகத்தைச் சொன்னது: "எடை அதிகமாக உள்ளது. தயவுசெய்து ஒருவர் இறங்கவும்."

யாரும் இறங்கவில்லை. அந்த அம்மாள் கூட்டத்தின் நடுவிலிருந்து நேரிலேயே சொன்னார். "நான் சொன்னா சொன்னதுதான். ஒருத்தர் இறங்குங்க."

சிரிப்பு வெடித்ததில் லிஃப்ட்டே குலுங்கியது. நூலகர் இறங்கினார், இறங்கும்போது வணக்கம் போட்டுவிட்டு இறங்கினார். பிறகு எத்தனை முறை மேலும் கீழும் போனார்கள் என்று தந்திக்குத் தெரியாது. மாடி வந்ததும் அவர் சொல்வார், கூட்டம் கைதட்டும், கதவு திறந்தால் வெளியே நிற்பவர்கள் ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள். மூடிய பெட்டிக்குள் இருப்பதை அவர் எப்போது மறந்தார் என்று பின்னால் கேட்டதற்கு, வேதியியல் வாத்தியார் முகத்தைப் பார்த்தபோது என்றார்.

ஒன்றாகக் கோக்கும் வேலை அவளைப் படாதபாடு படுத்தியது. சிரிப்பை அடக்க முடியாமல் லிஃப்ட்டுக்குள் அவள் விட்ட கெக்கலிப்பு எல்லா இடத்திலும் கலந்து கிடந்தது. வெட்டினால் அம்மாளின் பேச்சும் கூடவே போனது. கடைசியில் ஆடிய படங்களை விட்டுவிட்டு, திரைச்சீலைக் கடையிலும் லிஃப்ட் வாசலிலும் எடுத்த புகைப்படங்களை வரிசையாக வைத்து, மேலே குரலை ஓடவிட்டாள். படிக்கட்டுக் காட்சிக்கு அந்த ஆடும் செருப்புகளே இருந்தன. எடை அதிகமான இடத்தை மட்டும் வீடியோவாகவே வைத்தாள், அவள் சிரிப்போடு. படிக்கட்டுப் பேச்சு தவறுதலாகப் பதிவானது, அவர் சம்மதத்தோடு வெளியாகிறது என்று கீழே இரண்டு வரி எழுதினாள். பேராசிரியை பார்த்து முடித்துவிட்டு, நீளம் எவ்வளவு என்று கேட்டார். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்றாள் தந்தி.

"இருக்கட்டும்" என்றார் 'மூணு நிமிஷம்'. வகுப்பு இதை ஒரு மாதம் பேசியது.

பக்கம் வெளியானதும் முதலில் கல்லூரிக்குள் சுற்றியது, பிறகு வெளியே போய்விட்டது. பல் மருத்துவமனையில் டாக்டரே வரவேற்பு மேசைக்கு வந்து அம்மாவிடம் விசாரித்தார். அப்பா தன் கடைக்கு வரும் எல்லோருக்கும் புதுக் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அதைத்தான் போட்டுக் காட்டினார். அம்மாள் பயந்த மாதிரி நிறுவனம் கோபப்படவில்லை. இருபது மாடிக்கு மேல் கட்டிடங்கள் வந்துவிட்டன, மிச்ச மாடிகளுக்கும் நீங்களே பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். இந்த முறை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு லிஃப்ட்டில்தான் போனாராம், ஆனால் தனியாக இல்லை, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு. தனியாகப் போக இன்னும் கொஞ்ச நாளாகும் என்று தந்தியிடம் சொன்னார். கடையில் இப்போது வருகிறவர்களில் சிலர் துணி வாங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விலை மட்டும் கேட்கிறார்கள்.

நகரத்தின் சின்னச் செய்தி இணையதளம் ஒன்றிலிருந்தும் தந்திக்கு அழைப்பு வந்தது. விடுமுறையில் பயிற்சிக்கு வர முடியுமா, தனியாகப் போய் எடுத்து, எழுதி, கோத்து அனுப்பத் தெரியுமா என்று அதன் ஆசிரியர் கேட்டார். எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினாள். முதல் நாளே விளையாட்டு மைதானத்தில் நாய்க் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். திறந்தவெளி என்பதால் காற்றின் இரைச்சல் விழாமலிருக்கப் பெரிய மைக்கின் மேல் புசுபுசுவென்று ரோம உறை ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். சாம்பல் நிறம், பார்க்க அசல் முயல்.

நாய்களும் அப்படித்தான் நினைத்தன. தந்தி மைக்கை நீட்டிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்பதற்குள், அழகாகச் சீவி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வேட்டை நாய் எழுந்து, உறையைக் கவ்வி உருவிக்கொண்டு ஓட்டம் பிடித்தது. உடனே மற்ற நாய்கள் அதன் பின்னால், உரிமையாளர்கள் நாய்களின் பின்னால், நடுவர் விசிலை ஊதிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால். தந்தி கேமராவைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. செருப்பை உதறிவிட்டு, மைதானத்தின் குறுக்கே அவளும் ஓடினாள்.